செருப்புக் காவல்

மைதானத்து ஓரம் இருபத்தேழு ஜோடிச் செருப்புகள்.
எது யாருடையது என்று எப்சிக்குத் தெரியும்.
வார் அறுந்து ஊக்கு குத்தியது முத்துச்செல்வியுடையது,
இடது குதி மட்டும் தேய்ந்தது ஜெபராணியுடையது.
மூன்றாம் வகுப்பிலிருந்து விளையாட்டு பீரியடில்
அவளுக்கு அதுதான் வேலை.
கொடுத்தவன் நான்.
பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில்.
அவள் அப்பா.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம்
ஓடு, ஓடு என்று தொண்டை கட்டக் கத்துகிறவன்
என் பிள்ளையிடம் அதே சொல்லுக்கு
வால் ஒட்டிச் சொன்னேன்:
ஓடாதே.

கைக்குழந்தையில் அழுதால்
நகம் நாவற்பழமாகும்.
நடை பழகியபின் நாலெட்டு வைத்துவிட்டுக்
குத்தவைத்து உட்காருவாள்,
தரையில் எதையோ தேடுகிறவள் மாதிரி.
பார்த்தவர்கள் சமத்து என்றார்கள்.
மூச்சைத்தான் தேடினாள்.

மூன்று வயதில் எழும்பூரில் தைத்தார்கள்.
தழும்பை அவள் ஜிப்பு என்பாள்.
பிறகு வருஷம் ஒரு எக்கோ.
எல்லாம் சரி என்று எழுதிய எட்டுக் காகிதங்களை
ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்திவிட்டு
அவளை வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்தேன்.

ஹைகிரவுண்டில் பிசியோ ஜன்னத் சொன்னாள்:
"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு சார்.
காலுக்குத்தான் இன்னும் யாரும் தகவல் சொல்லல."
சொல்லும்போது என் காலைப் பார்த்தாள்.

மூன்றாம் மாடி வராந்தா. முப்பது மீட்டர்.
இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு.
விரலில் சிவப்பாய் எரியும் ஒரு கவ்வி.
ஆறு நிமிஷம் நடக்க வேண்டும்.
"பேச முடியணும், பாட முடியக் கூடாது.
அதான் சரியான வேகம்."

பேசுவதற்கு எப்சி எடுத்துக்கொண்டது டவுன் பஸ்.
போய்த் திரும்பினால் ஒரு ஸ்டாப்.
பாளை பஸ் ஸ்டாண்ட் எறங்கு,
முருகன்குறிச்சி எறங்கு,
படியில நிக்காத, உள்ள போ.
முதல் வாரம் வண்ணாரப்பேட்டையில்
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
மூச்சு எப்படி என்று கேட்கும் அட்டையில்
வரிசையாய் முகங்கள்.
சிரிப்புக்கும் சிணுங்கலுக்கும் நடுவே விரல் வைத்தாள்.
என்னைக் கேட்டிருந்தால்
கடைசி முகத்தைத் தொட்டிருப்பேன்.

வீட்டில் மாடிப்படி பதினாறு, தினம் ஐந்து தடவை.
கீழே நின்று எண்ணுவேன்.
பதினொன்றில் என் எண்ணிக்கைதான் தடுக்கும்,
அவள் மொட்டைமாடியில் நின்று
"என்னப்பா, தூங்கிட்டியா?" என்பாள்.

பன்னிரண்டாவது வாரம்
கொக்கிரகுளம் தாண்டி, ஆற்றுப்பாலம் தாண்டி
ஜங்ஷனில் எல்லோரையும் இறக்கிவிட்டாள்.
ஜன்னத் குறித்துக்கொண்டாள்.
நான் கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஆடிக் காற்று. கோகோ.
இருபத்தெட்டாவது ஜோடி வரிசையில் சேர்ந்தது.
காவல் இல்லாத செருப்பில் ஒன்றைக்
கேட்டோரத்து நாய் கவ்விக்கொண்டு போனது.
"ஏட்டி, முத்துச்செல்வி! ஒஞ் செருப்பு!"
கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.
விசில் என் பல்லுக்கு நடுவில்.
ஓடா
வரைக்கும் வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி
குத்தவைத்து உட்கார்ந்தாள்.
அந்தக் காலத்தில் உட்கார்ந்த அதே உட்காரல்,
தரையைப் பார்த்து.

நூறு மீட்டர் இருக்கும்.
மாவட்டத்தில் மெடல் வாங்கிய கால்கள் என்னுடையவை.
அன்றைக்கு அவை வரவில்லை.

நெருஞ்சி முள்.
பாதத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டே
நாயை வைதுகொண்டிருந்தாள்,
நிறுத்தாமல், முழு முழு வாக்கியமாக.
விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தேன்.
புழுதி.
"ஒனக்கு எதுக்குப்பா இப்படி எளைக்கி?" என்றாள்.

செருப்பு கிடைக்கவில்லை.
மறுநாள் முத்துச்செல்விக்குப்
புது ஜோடி நான்தான் வாங்கினேன்,
நூற்றி இருபது ரூபாய்.
பேரம் பேசவில்லை.